எழுபத்து நான்காம் பக்கம்

ஹாலோஃபெல்,
செவ்வாய்க்கிழமை, 6 ஜூலை 1982

அன்புள்ள ரோலண்டுக்கு,

இங்கே எல்லாம் நலம் என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்த வரி பேனாவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. பூனையும் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அவரைக்கொடி கழியில் பாதி உயரம் ஏறிவிட்டது. அசுவினிப் பூச்சி பிடித்திருந்தது, சோப்புத் தண்ணீர் அடித்தேன். சமையலறைப் பக்கத்துக் கூரைத் தண்ணீர்க்குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.

ஒரு காரியம் செய். இந்தக் கடிதத்தை அந்த ஐஸ்லாந்துப் பண்ணை வீட்டில் வாங்கிய கையோடு பிரிக்காதே. அன்றைக்குப் பனியாற்றுக்குப் போகும் நாளாக இருந்தால் போய்விட்டு வா. பூட்ஸைக் கழற்று. மாத்திரையைப் போட்டுக்கொள். சூடாக ஏதாவது குடி. உன் மாணவர்கள் ஆறு பேரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

உன் துறையை மூடுகிறார்கள், ரோலண்ட். அடுத்த வருஷத்திலிருந்து நிலவியலுக்குப் புது மாணவர்கள் கிடையாது. இப்போது இருக்கிற பிள்ளைகள் படித்து முடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். இதை வேறு மாதிரி எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து யோசித்தேன். வேறு மாதிரி இல்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குப் பதிவாளர் ஹோல்ராய்ட் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனால், பல்கலைக்கழக முத்திரை போட்ட நல்ல கோப்பைகள் மேசையில் இருந்தன. தட்டில் சாக்லேட் பிஸ்கட். அந்தக் கோப்பைகள் வெளியே வந்தால் யாருக்கோ கெட்ட செய்தி என்று எங்கள் அலுவலகத்தில் துப்புரவு செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். யாருக்கு என்றுதான் நான் யோசித்தேன். எனக்கு என்று தோன்றவே இல்லை, பார்.

ஹோல்ராய்டை உனக்குத் தெரியுமே, நேரே பேச வராது அந்த மனிதருக்கு. முதலில் வானிலை. அப்புறம் கால்பந்து, ஸ்பெயினை இன்றைக்கு நம் ஆட்கள் ஜெயிப்பார்களா என்று. அப்புறம், "இந்த வருஷம் உங்க கையேடு ரொம்ப நல்லா வந்திருக்கு, மிஸஸ் பர்ட்விசில். என் மச்சினிகூடச் சொன்னா" என்றார். நன்றி சொன்னேன். "எழுவத்து நாலாம் பக்கம் மட்டும்..." என்று இழுத்துவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து, தின்னாமல், தட்டிலேயே வைத்தார்.

எழுபத்து நான்காம் பக்கம் உன் பக்கம். ஜனவரியில் நீ பாத்திரம் துடைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டது. "இந்த ஊரின் ஒவ்வொரு வீடும் ஒரு வெதுவெதுப்பான கடலின் அடித்தரையில் நிற்கிறது. வாருங்கள், காட்டுகிறோம்." ஒன்பது வருஷமாக இந்த மாணவர் சேர்க்கைக் கையேட்டை எழுதுகிறேன். நூலகத்தில் எத்தனை புத்தகம், விடுதி அறையில் எத்தனை அலமாரி, மணிக்கூண்டு எந்த வருஷம் கட்டியது என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு பக்கத்தைத்தான் நான் மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஏப்ரலில் சரிபார்க்க அச்சுப் புரூஃப் வந்ததும், அதில் அந்தப் பக்கம் இல்லாமல் போனதும் உனக்கு ஞாபகம் இருக்கும். புவியியல் முடிகிறது, தாளைத் திருப்பினால் ஜெர்மன் மொழி. நடுவில் உன் துறையைக் காணோம். அச்சகத்தார் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, உடனே சக்டனுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். "என்ன மிஸ்டர் சக்டன், முழுசா ஒரு துறையவே முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா, உங்க ஆபீஸ்லேர்ந்துதான் ஒரு சீட்டு..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. "கையேட்டுக்கு ஆபீஸ்னா அது நான்தான். நான் ஒரு சீட்டும் அனுப்பல" என்றேன். பிறகு, "சரிம்மா. நீங்க சொன்னா சரி. சேத்துடறேன்" என்றார். பாவம் மனிதர். அவர் கையில் பதிவாளர் அலுவலகத்துச் சீட்டு இருந்திருக்கிறது. அதைச் சொல்லி என் மனதை நோகடிக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் உன்னிடமும் பெருமையாகச் சொன்னேனே. "உன் பக்கத்த அந்தாளு தொலைச்சுட்டான், நான் சண்ட போட்டுத் திருப்பி வாங்கிட்டேன்" என்று. நீ "நல்ல வேளை" என்றாய். அவரை விதை ஊன்ற வேண்டும் என்று தோட்டத்துக்குப் போய்விட்டாய்.

அதைத்தான் நேற்று ஹோல்ராய்ட் அரை மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னார். அந்தப் பக்கம் தவறி விழவில்லை, எடுத்தார்கள். பிப்ரவரியிலேயே பல்கலைக்கழகச் செனட் குழு முடிவு செய்துவிட்டது. லண்டனில் மானியத்தை வெட்டியதற்கு இங்கே ஏதாவது ஒரு தலை உருள வேண்டியிருந்தது. முடிவு ரகசியம். ஆனால் அடுத்த வருஷம் அக்டோபரில் சேரும் பிள்ளைகளுக்கான கையேட்டை இந்த வசந்தத்திலேயே அச்சடித்தாக வேண்டும் அல்லவா? ஆகவே துறைக்குத் தெரிவதற்கு முன்னால் கையேட்டிலிருந்து தூக்கினார்கள்.

"உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்" என்றார். யாராவது என்றால் யார் என்று கேட்டேன். தான் உன் துறைத் தலைவன் லயனல் சொல்லியிருப்பான் என்று நினைத்தாராம். லயனல், பதிவாளர் சொல்லியிருப்பார் என்று நினைத்தானாம். "எப்படியும் பக்கம் இல்லாததப் பாத்ததும் நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு..." என்றார். புருஷன் வேலை பார்க்கிற துறை செத்துப்போனதைப் பக்க எண்ணைப் பார்த்து நான் புரிந்துகொள்ள வேண்டுமாம்! கோப்பையைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று மடியிலேயே பிடித்துக்கொண்டு இருந்தேன்.

முப்பதாயிரம் பிரதி அச்சாகி, நாட்டில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்விட்டது. இல்லாத துறைக்கு வாருங்கள் வாருங்கள் என்று நான் கூப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை பார்வையாளர் நாள். அதற்குள் ஒரு திருத்தச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், மிச்சப் பிரதிகளில் செருக வேண்டும், பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். "எழுபத்து நான்கு, எழுபத்தைந்தாம் பக்கங்களைப் பொருட்படுத்த வேண்டாம்னு ஒரு வரி போதும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு லயனலை நினைத்தால்தான் ஆறவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், மன்னித்துக்கொள், பேராசிரியர் கார்ட்ரைட் என்று எழுத இன்றைக்குக் கை வராது. துறைத் தலைவன். பிப்ரவரியில் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறான். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான். "இந்த வருஷம் சீக்கிரமே கிளம்பிடு ரோலண்ட், ஒரு முழுக் கோடையும் அங்கயே இரு" என்று உன்னைத் தட்டிக்கொடுத்தான். உன்னைக் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிட்டு முதுகில் குத்தியிருக்கிறான். நான் அவனுக்குக் குழம்பு ஊற்றினேன்.

நேற்று ஆட்டமும் போய்விட்டது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் உலகக் கோப்பையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் நம் ஆட்கள். உன் துறைக்கும் அதே கதிதான்.

அந்தத் துறையில் இருபத்திரண்டு வருஷம். உனக்கு இதை ஒரு கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது. உனக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருக்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள். பனியில் கவனமாக நட. ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு எழுது.

என்றும் உன்,
மேவிஸ்


ஹாலோஃபெல்,
வியாழக்கிழமை, 8 ஜூலை

ரோலண்ட்,

செவ்வாய்க்கிழமைக் கடிதம் போய்விட்டது. தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடிந்திருந்தால் எடுத்திருப்பேன். நீ இரண்டையும் சேர்த்தே வாங்குவாய் என்று நினைக்கிறேன். அதை முதலில் படி. உனக்காக நான் எப்படியெல்லாம் பதறியிருக்கிறேன் என்று பார்.

இன்று காலை நானாகவே ஹோல்ராய்டின் அறைக்குப் போனேன். சீட்டை இப்போது எழுத மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். "என் வீட்டுக்காரருக்கு இன்னும் விஷயமே தெரியாது. அவர் ஐஸ்லாந்துல பனியளந்துகிட்டு இருக்கார். என் கடிதம் போய்ச் சேந்து, அவர் ஒரு வார்த்த பதில் போடற வரைக்கும், அவர் துறைய நான் என் கையால அழிக்க மாட்டேன். அது நியாயமில்ல" என்றேன். நன்றாகத்தான் பேசினேன், நீ கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

ஹோல்ராய்டின் காது நுனி முதலில் சிவந்தது. பிறகு கழுத்து. "மிஸஸ் பர்ட்விசில்" என்றார். "உங்க கணவர்..." என்றார். ஜன்னல் வழியே மணிக்கூண்டைப் பார்த்தார். "மன்னிக்கணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, புரட்டி, ஒரு தாளில் நிறுத்தி, அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "டீ என்னாச்சுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். டீ யாரும் கேட்கவில்லை.

விருப்ப ஓய்வுக்குச் சம்மதம். கீழே உன் கையெழுத்து. அந்தப் பெரிய ஆர், வால் நீண்டு போகிற எல். தேதி மார்ச் 11.

நான் அந்தத் தாளை எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. பக்கத்து அறையில் தட்டச்சு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ போலியாகப் போட்டிருப்பார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதைச் சொன்னால்தான் உனக்குப் புரியும், நான் உன்னை எவ்வளவு நம்பினேன் என்று. ஹோல்ராய்ட் டீ இல்லாமலே திரும்பி வந்தார். நான் ஃபைலை மூடி அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னேன்! என்னையும் என்ன சொல்வது?

மார்ச் 11 ஒரு வியாழக்கிழமை. வீட்டு நாள்காட்டியில் பார்த்தேன். அன்றைக்கு நீ சீக்கிரம் வந்தாய். இரண்டு வருஷமாக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த சமையலறைப் பரணை, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆணியடித்துச் சரி செய்தாய். "என்ன இன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்று நான் கேலி செய்தேன். நீ வாயில் ஆணியை வைத்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து அந்தப் பரணில்தான் நான் ஜாம் பாட்டில் அடுக்குகிறேன்.

மூன்று நாள் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அதை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். லயனலுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஐஸ்லாந்துச் சாலைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். உன் கையெழுத்தின் மை காய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மேசையில் மூன்று பேர் இருந்தோம், ஒன்றும் தெரியாமல் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். செவ்வாய்க்கிழமை அவனைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். அவன் என் புருஷன் இல்லை. எனக்கு ஒன்றும் சொல்லக் கடமைப்பட்டவனும் இல்லை.

ஆனால் இதெல்லாம் இல்லை, ரோலண்ட், என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்ரல். பக்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன் என்று நான் வந்து சொன்ன சாயங்காலம். உனக்கு அப்போதே தெரியும், அது தொலைந்த பக்கம் இல்லை என்று. அச்சு ஓட இன்னும் ஒரு வாரம் இருந்தது. "மேவிஸ், அத விட்டுடு" என்று நீ சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று நான் கேட்டிருப்பேன், நீ சொல்லியிருப்பாய், முடிந்திருக்கும். நீ "நல்ல வேளை" என்றாய். அவரை விதை ஊன்றப் போனாய். முப்பதாயிரம் பொய்யை என் பெயரில் அச்சடிக்க விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மண்ணைக் கிளறிக்கொண்டு இருந்தாய். நான் உள்ளேயிருந்து உனக்குக் கையசைத்தேன். நீயும் அசைத்தாய்.

இந்த ஊரில் யாருக்குமே வாய் இல்லையா? ஹோல்ராய்ட் சொல்லவில்லை. லயனல் சொல்லவில்லை. போனில் சக்டன் சொல்லவில்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் என் மனம் நோகக் கூடாது என்று பார்த்தவர்கள். அவர்கள் எல்லாரும் எனக்கு அந்நியர்கள். உன்னோடு இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுதினால் பிறகு வருத்தப்படுவேன். உன் அவரைக்கு இன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நாளைக்கும் ஊற்றப் போவதில்லை.

மேவிஸ்


ஹாலோஃபெல்,
ஞாயிற்றுக்கிழமை, 11 ஜூலை

அன்புள்ள ரோலண்டுக்கு,

அவரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மழை. உனக்குச் சாதகமாக வானமே இருக்கிறது.

வியாழக்கிழமைக் கடிதத்தில் எழுதியது எதையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதை உனக்கு எழுதாமல் இருந்தால் நானும் உங்கள் கூட்டத்தில் சேர்ந்தவள் ஆகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

திருத்தச் சீட்டை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஹோல்ராய்டிடம் நீட்டினேன். "நிலவியல் துறையை மூடுகிறோம். அடுத்த ஆண்டு முதல் புதிய மாணவர்களைச் சேர்க்க மாட்டோம். இது பிப்ரவரியிலேயே முடிவான விஷயம். எழுபத்து நான்காம் பக்கத்தை நம்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." இரண்டு முறை படித்தார். "கொஞ்சம்... நேரடியா இருக்கோ?" என்றார். "ஆமா, நேரடியாத்தான் இருக்கு" என்றேன். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வரும்போது, "நானே உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

ஆனால் சீட்டு நேற்றைக்கு முன்னால் எந்தப் பள்ளிக்கும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். பார்வையாளர் நாளுக்குப் பிள்ளைகள் பழைய கையேட்டோடுதான் வருவார்கள். அதனால் நுழைவு மண்டபத்தில் வழக்கமாகப் போடும் மேசையில் நானே உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது இருக்கும். பக்கத்தில் அவள் அப்பா, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, விரல் இடுக்கில் போகாத வெள்ளைத் தூசியோடு. பெயர் மெட்காஃப். டேல்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவராம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் லொரைன் கையில் கையேடு இல்லை. எழுபத்து நான்காம் பக்கம் மட்டும், பள்ளிக்கூடப் பிரதியிலிருந்து பிளேடால் அறுத்து எடுத்தது, நாலாக மடித்து வைத்திருந்தாள். திருட்டுத்தனம்தான், அவளே ஒத்துக்கொண்டாள்.

"இதுல போட்டிருக்கற மிஸ்டர் பர்ட்விசிலப் பாக்கணும்" என்றாள். அவர் வெளியூரில் இருக்கிறார் என்றேன். முகம் வாடியது. உடனே கோட்டுப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே நத்தை மாதிரி சுருண்ட ஒன்று, என் உள்ளங்கை அளவு. "அப்பா லாரில வந்த கல்லு. எங்க சயின்ஸ் டீச்சருக்கு என்னன்னு தெரியல. நாங்க ஒரு வெதுவெதுப்பான கடலோட அடித்தரையில இருக்கோம்னு இதுல எழுதியிருக்கு. அத வாசிச்சதுலேர்ந்து நான் தூங்கவே இல்லன்னு அம்மா சொல்றாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "வேற எங்கயும் விண்ணப்பம் போட மாட்டேங்கறா. இங்கதானாம். பிடிச்சா ஒரே பிடி" என்றார் அப்பா. பெருமைதான் அவருக்கு.

ரோலண்ட், அந்த நேரத்தில் எனக்கு வாயில் என்னென்ன வந்தது தெரியுமா? மழை நின்றுவிட்டது என்று சொல்ல வந்தது. சிற்றுண்டிச்சாலை அந்தப் பக்கம் என்று சொல்ல வந்தது. திருத்தச் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, டீ என்னாச்சு பார்க்கிறேன் என்று எழுந்து போகவும் கால் வந்தது. அப்போதுதான் உன்னை எனக்குப் புரிந்தது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. புரிந்தது. எதிரே இருக்கிற முகம் மாறப்போகிறதே என்கிற பயம் ஒன்று இருக்கிறதே, அது உண்மையிலேயே ஆளை எழுந்து ஓடச் சொல்கிறது.

மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். "லொரைன், உட்காரும்மா. உன்கிட்ட ஒரு கெட்ட விஷயம் சொல்லணும். இந்தத் துறைய மூடறாங்க. நீ வர்ற வருஷம் இது இருக்காது. இந்தப் பக்கத்த எழுதினது நான்தான். அது வந்திருக்கவே கூடாது. தப்பு என்னோடது" என்றேன். அவ்வளவுதான். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம் ஆகியிருந்தது.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கு மட்டும் சிவந்து. அப்பாவுக்குக் கோபம். "மூடறதுன்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கும்மா அச்சடிச்சீங்க? இவ பள்ளிக்கூடத்துப் புக்கையே அறுத்துட்டு வந்திருக்கா!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மூன்று மாதத்தில் இந்தக் கட்டடத்தில் யாராவது ஒருத்தர் இப்படிச் சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியாம அச்சடிச்சேன், மிஸ்டர் மெட்காஃப். தெரிஞ்சவங்க யாரும் எனக்குச் சொல்லல" என்றேன். அவர் கோபம் இறங்கிவிட்டது. கடைசியில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், சத்தம் போட்டதற்கு. நானும் கேட்டேன். நம் ஆட்களை என்ன செய்வது.

பிறகு மூன்று பேரும் டீ குடித்தோம், சாதாரணக் கோப்பையில். நாட்டில் நிலவியல் இருக்கிற மற்ற இடங்களின் கையேடுகள் எங்கள் அலுவலக அலமாரியில் இருக்குமே, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டேன். அடுத்த வீட்டுக் கடைக்கு ஆள் பிடிக்கிற வேலை, பதிவாளர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். பதினொரு மணிக்கு அவள் நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குச் சிரித்தாள்.

போகும்போது அந்தக் கல்லை எடுக்கவில்லை. "இது என்னன்னு அவர் எனக்கு எழுதிப் போடுவாரா? துறை இல்லாட்டியும் அவருக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான?" என்று கேட்டாள். எழுதுவார் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். முகவரி இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. கல் சமையலறையில், நீ ஆணியடித்த பரணில், ஜாம் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூனைக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அரை நிமிஷம், ரோலண்ட். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் ஆனது. உனக்கு மார்ச் பதினொன்றிலிருந்து மே கடைசியில் நீ கிளம்பும் வரை நாள் இருந்தது.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டுப் பதில் எழுதச் சொல்லப் போவதில்லை. நீ எழுதினால் அழகாக எழுதுவாய். எழுபத்து நான்காம் பக்கம் மாதிரியே எழுதுவாய், நானும் நம்பிவிடுவேன். அது வேண்டாம். வேலை போனதற்கு நான் உன்னைக் குறையாக நினைப்பேன் என்று பயந்தாயோ, அந்தப் பக்கமாவது இன்னொரு வருஷம் அச்சில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆசைப்பட்டாயோ, கடைசித் தடவையாக உன் பனியாற்றை நிம்மதியாக அளந்துவிட்டு வரலாம் என்று நினைத்தாயோ, எதுவாக இருந்தாலும் அளந்து முடி. பனியில் நட்ட ஒரு கம்பத்தையும் விடாமல் அளந்துவிட்டு வா. அவசரப்பட்டு விரிசல் பக்கம் போகாதே. மாத்திரையை மறக்காதே.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி மூன்று மணி ரயிலுக்கு நான் நிலையத்துக்கு வருவேன். ஒரே ஒரு வேண்டுகோள். உன் கையிலிருந்து பையை நான் வாங்குவதற்கு முன்னால், ஐஸ்லாந்தில் மழையா வெயிலா என்று பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த நடைமேடையிலேயே நின்று, என் முகத்தைப் பார்த்து, "மேவிஸ், எனக்கு வேலை போச்சு" என்று சொல். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறவள்போல நான் கேட்டுக்கொள்வேன்.

பத்திரமாக வந்து சேர்.

உன்,
மேவிஸ்